குரோமியம் ஊறிய பத்து சென்டில் முள்ளு கத்தரி

முள்ளு கத்தரியின் ஆய்வுச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீர் பாய்ந்த எங்கள் மண்ணில் காய்த்த காயிலும், அணைக்கட்டுப் பக்கம் டேனரித் தண்ணீரே படாத ஒரு நிலத்தில் காய்த்த அதே ரகக் காயிலும் குரோமியம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. இதைப் பார்த்த பிறகுதான் வீட்டில் சமைத்தோம். இரண்டு வருடமாக என்ன செய்தோம், எது உதவியது, எது உதவவில்லை, எவ்வளவு செலவானது என்று எழுதி வைக்கிறேன். ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இதே மாதிரி நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எரு போட்டால் குரோமியம் மண்ணை விட்டுப் போய்விடாது. ஆரம்பத்தில் மேல் ஆறு அங்குல மண்ணில் மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 640 மில்லிகிராம் இருந்தது. இப்போது 610. மண் எடுத்த இடம் கொஞ்சம் தள்ளிப்போனாலே இந்த வித்தியாசம் வரும், அதனால் ஒன்றும் குறையவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். கனடா நாட்டில் விவசாய நிலத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 64, நம்முடையது அதைப்போல் பத்து மடங்கு. மாறியது அந்தக் குரோமியத்தின் நிலை மட்டும்தான். தண்ணீரில் கரைந்து ஓடுகிற குரோமியம்-6, மண்ணோடு ஒட்டிக்கொண்டு நகராத குரோமியம்-3 ஆகிவிட்டது. செய்த வேலை முழுவதும் இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான்.

நிலம் எப்படிக் கெட்டது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தோல் பதனிட முதலில் உப்பு, அப்புறம் 'பேசிக் குரோமியம் சல்பேட்' என்ற ரசாயனம். இதில் இருப்பது குரோமியம்-3, இதனோடு வரும் பெரிய தொல்லை உப்புதான். ஆனால் அந்தச் சல்பேட்டையும் மற்ற குரோமியம் சரக்குகளையும் தயாரித்த இடங்களில் குரோமியம்-6 உண்டு. அப்படி ஓர் ஆலை தொண்ணூறுகளில் மூடப்பட்டு, லட்சக்கணக்கான டன் கழிவு திறந்தவெளியில் குவிந்து கிடந்ததால்தான், 2006-இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து ஊர்கள் பட்டியலில் ராணிப்பேட்டையும் வந்தது. எங்கள் பத்து சென்டுக்கு இரண்டு வகைத் தண்ணீரும் ஒரே கால்வாயில் வந்திருக்கிறது. சித்திரை வெயிலில் வரப்போரம் பூக்கிற உப்பில் வெள்ளைக்கு நடுவே எலுமிச்சை மஞ்சளாக ஒரு திட்டு தெரியும். அந்த மஞ்சள்தான் குரோமியம்-6. அதை வெறுங்கையால் தொடக் கூடாது, தோலில் புண் வைக்கும். தோண்டுவதற்கு முன் மண்ணை நனைத்து, கையுறை, கம்பூட்ஸ், என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் இறங்கினோம். அந்தத் துணியைத் தனியாகத் துவைத்தோம்.

மண் எடுப்பதிலேயே கவனம் வேண்டும். எவர்சில்வர் கரண்டியோ கொத்தோ ஆகாது, எவர்சில்வரிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருக்கிறது. இரும்பு மண்வெட்டியால் 'வி' மாதிரி ஆறு அங்குலக் குழி வெட்டி, இரும்பு பட்ட பக்கத்தை மூங்கில் பத்தையால் சுரண்டித் தள்ளிவிட்டு, உள் மண்ணைப் பிளாஸ்டிக் மக்கில் எடுத்தேன். மூலைக்கு மூலை, நடுவில், கால்வாய் ஓரம் என்று எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ. மொத்தக் குரோமியத்துக்கு நிழலில் உலர்த்தின மண் போதும். குரோமியம்-6 பார்க்க வேண்டும் என்றால் உலர்த்தக் கூடாது, ஈரத்தோடு பையைக் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்து உடனே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே அளவு மாறிவிடும். முதல் முடிவு: குரோமியம்-6 கிலோவுக்கு 9 மில்லிகிராம், பி.ஹெச் (அமில-கார அளவு) 8.7, இ.சி. (உப்பின் அளவு) 4.6. இ.சி. 4-ஐத் தாண்டினாலே உவர் நிலம் என்பார்கள். பி.ஹெச்சும் இ.சி.யும் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் சில பத்து ரூபாயில் முடிந்துவிடும். உலோகம் பார்ப்பதுதான் கையைக் கடிக்கும்.

எல்லா முறையும் தனியார் லேபுக்கு ஓட முடியாது என்பதால் குடிநீரில் குரோமியம்-6 பார்க்கிற கிட் ஒன்று 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே இருப்பது டைஃபீனைல்கார்பசைடு, அமிலத்தில் குரோமியம்-6 இருந்தால் ஊதா நிறம் காட்டும். 20 கிராம் மண்ணை 100 மில்லி வாலைவடிநீரில் நன்றாகக் குலுக்கி, ஒரு ராத்திரி தெளியவிட்டு, காபி வடிதாளில் வடிகட்டி, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சொட்டு விட்டால் முதல் மண்ணில் நாவல்பழச் சாறு நிறம் வந்தது. ஒரு எச்சரிக்கை உண்டு. எரு போட்ட மண்ணின் சாறு பழுப்பாக இருக்கும், நிறம் சரியாகத் தெரியாது. அதோடு அந்தப் பழுப்புப் பொருளே கிண்ணத்துக்குள் குரோமியம்-6ஐக் கொஞ்சம் மாற்றிவிடும், அதனால் உண்மையில் இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். ஊதா வந்தால் நிச்சயம் இருக்கிறது, வராவிட்டால் லேபில் உறுதி செய்ய வேண்டும் என்றுதான் இந்தக் கிட்டை நான் பயன்படுத்துகிறேன்.

நிலத்தில் கை வைப்பதற்கு முன் பெயிண்ட் வாளிகளில் பார்த்தோம். இருபது லிட்டர் வாளி, அடியில் ஓட்டை, கீழே தட்டு. எல்லாவற்றிலும் எங்கள் மண்தான். ஒன்று சும்மா, ஒன்றில் மக்கிய தொழுவுரம், ஒன்றில் மக்கிய பிரஸ்மட் (சர்க்கரை ஆலைக் கழிவு), ஒன்றில் கயிறு திரிக்கிற இடத்திலிருந்து வந்த பச்சைத் தென்னை நார்க்கழிவு, ஒன்றில் சீமைக்கருவேலங்கரித் தூள், ஒன்றில் ஜிப்சம் மட்டும். எருக்களை எடைக்கு 2 சதவீதம், 5 சதவீதம் என்று இரண்டு அளவில் வைத்தோம். வெந்தயம் விதைத்து வேரைப் பார்த்தால் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. சும்மா இருந்த வாளியில் வேர் நுனி பழுத்து அரை அங்குலத்தோடு நின்றுவிட்டது.

ஜிப்சம் வாளிதான் எல்லாவற்றையும் விட அதிகம் சொல்லிக்கொடுத்தது. உவர் நிலம் என்றால் முதலில் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடிப்பதுதான் நம்மூர் வழக்கம். நானும் அந்த வரிசையைத்தான் மனதில் வைத்திருந்தேன். வாளிக்கு மேலே தண்ணீர் ஊற்றியதும் மண் நன்றாகப் பொலபொலத்து, தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. தட்டில் சேர்ந்த தண்ணீர் லேசான மஞ்சள். சொட்டு விட்டதும் கிண்ணம் முழுக்கக் கறுத்த ஊதா. உப்போடு சேர்ந்து குரோமியம்-6 அத்தனையும் கீழே இறங்கியிருக்கிறது. ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட்டும் மண்ணில் ஒட்டியிருந்த குரோமியம்-6ஐப் பெயர்த்துவிட்டது. இதையே நிலத்தில் செய்திருந்தால் மேல் மண் சுத்தமாகி, விஷம் கிணற்றுக்குப் போயிருக்கும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம், அந்தத் தட்டுத் தண்ணீர் அதற்கு எத்தனையோ மடங்கு மேலே இருந்தது. அதனால் வரிசையை மாற்றினோம்: முதலில் எரு போட்டுக் குரோமியத்தைக் கட்டிவிட்டு, ஊதா நின்ற பிறகு ஜிப்சமும் மழையும்.

மற்ற வாளிகளில் தொழுவுரமும் பிரஸ்மட்டும் 5 சதவீதத்தில் நன்றாக வேலை செய்தன, 2 சதவீதத்தில் ஊதா வெளிறியதே தவிர நிற்கவில்லை. பச்சை நார்க்கழிவு குரோமியத்தைக் குறைத்தது, ஆனால் செடி மஞ்சளாகிவிட்டது. பச்சைக் கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற அளவில் இருக்கும், மக்க வைத்தால்தான் 24-க்கு 1 வரை இறங்கும். அதுவரை மண்ணில் இருக்கும் தழைச்சத்தை அதுவே தின்றுவிடும். கரித்தூள் தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கரி காரம் உள்ளது, ஏற்கெனவே 8.7-இல் இருக்கும் மண்ணில் அதை அள்ளிக் கொட்டுவது நல்லதில்லை. ஆனால் எருவோடு சேர்த்து வைத்த வாளியில் ஈரம் நன்றாக நின்றது, அதனால் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம்.

எரு வாங்குவதில்தான் அதிகம் அலைந்தோம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கழிவுக் கம்போஸ்டில் குரோமியம் கிலோவுக்கு 50 மில்லிகிராமும் ஈயம் 100 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. ஒரு இடத்தில் மலிவாகக் கொடுத்த எருவை உற்றுப் பார்த்தால் நீலச்சாம்பல் நிறத்தில் தோல் சீவல் துணுக்குகள் கிடந்தன. குரோம் ஏற்றிய தோலைச் சீவினது அது, அதை வாங்கிப் போட்டால் காசு கொடுத்துக் குரோமியம் வாங்கின கணக்குதான். இந்தப் பக்கத்தில் எரு வாங்குகிறவர்கள் ஒரு பிடி எடுத்து உதிர்த்துப் பாருங்கள், நீலத் துணுக்கு இருந்தால் வேண்டாம். கடைசியில் மாட்டுத் தொழுவத்து எரு இரண்டு லோடு, ஒரு வருடம் கிடந்து மக்கிய பிரஸ்மட் ஒரு லோடு எடுத்தோம். பிரஸ்மட்டிலும் சுண்ணாம்பு முறை ஆலையிலிருந்து வருவது கார மண்ணுக்கு ஆகாது, கந்தக முறை ஆலையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கணக்கு இப்படி. பத்து சென்ட் என்றால் சுமார் 405 சதுர மீட்டர், மேல் ஆறு அங்குல மண் ஏறக்குறைய 85 டன். அதில் 5 சதவீதம் நாலேகால் டன். லோடு ஒன்றரை டன் வீதம் மூன்று லோடு போதுமானதாக இருந்தது. ஏக்கருக்கு 5 டன் போடுகிறவர்களுக்கு இது மிக அதிகமாகத் தெரியும். எதிர் வயல் பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இது நிலமா எருக்குழியா?" என்றே கேட்டார்.

ஆவணியில் எருவைப் பரப்பி, ரொட்டவேட்டர் விட்டு ஆறு அங்குலத்துக்குக் கலந்தோம். ஆழமாக உழவில்லை, மேலே இருப்பதைக் கீழே தள்ள வேண்டாம் என்று. அதன்மேல் ஜீவாமிர்தம் மாதிரி ஒரு கரைசல், ஆனால் வெல்லம் கூடுதல்: 200 லிட்டர் டிரம்மில் 20 கிலோ சாணம், 5 கிலோ கழிவு வெல்லம், கோமியம், மீதி தண்ணீர். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் வெல்லத்தைத் தின்னும் வேகத்தில் காற்று குறைந்து, குரோமியம்-6 குரோமியம்-3 ஆகிறது. இதற்குத் தண்ணீர் கட்டி நிறுத்தத் தேவையில்லை, கட்டினால் கீழே இறங்கிவிடும். வரப்பை உயர்த்தி, மண் சொதசொதவென்று இருக்கும் அளவுக்கு மட்டும் நனைத்து, மேலே வைக்கோல் மூடினோம். எங்கள் போர் தண்ணீரில் ஊதா வரவில்லை என்றாலும் உப்பு அதிகம், அதனால் கூரை மழைநீர்த் தொட்டியையும் ஆவணி புரட்டாசித் தூறலையும் நம்பினோம். மூன்றாவது வாரம் மண்ணை அள்ளி முகர்ந்தால் ஏரிச் சேற்று வாசனை. புரட்டாசிக் கடைசியில் கிண்ணத்தில் ஊதா இல்லை. லேபுக்கு அனுப்பினதில் குரோமியம்-6 கிலோவுக்கு 1.3.

அதற்குப் பிறகுதான் ஐப்பசியில் 200 கிலோ ஜிப்சம். மழை அந்த வருடம் நன்றாகவே பெய்தது. கீழ் மூலையில் ஒரு வடிகுழி வெட்டி, அதில் சேர்ந்த தண்ணீரை ஒவ்வொரு பெரிய மழைக்கும் கிட்டில் பார்த்தேன். உப்புக் கரித்தது, ஊதா வரவில்லை. வாளியில் பார்த்ததற்கும் இதற்கும் இருந்த வித்தியாசத்தை நேரில் பார்த்தபோது வந்த நிம்மதி பெரியது. மழை முடிந்ததும் இ.சி. 2.4.

முதல் பயிராக உணவுப் பயிர் வைக்கவில்லை. தையில் செண்டுமல்லி நட்டோம், பூ வாலாஜா மார்க்கெட்டுக்குப் போனது. கால்வாய் ஓரத்துத் திட்டில் மட்டும் செடி குட்டையாக நின்றது. அங்கே தனியாக மண் எடுத்துப் பார்த்தால் குரோமியம்-6 இன்னும் 3-க்கு மேல். எல்லா மண்ணையும் ஒன்றாகக் கலந்து எடுத்த சராசரியில் இந்தத் திட்டு மறைந்துபோயிருக்கிறது. அங்கே மறுபடி எருவும் கரைசலும் கொடுத்தோம். அறுத்த செடியை மாட்டுக்கும் போடவில்லை, எரிக்கவும் இல்லை. எரித்தால் சாம்பலில் குரோமியம்-3 திரும்பவும் குரோமியம்-6 ஆக வாய்ப்பு உண்டு. நிலத்து மூலையிலேயே தார்ப்பாய் விரித்த குழியில் மக்கப் போட்டிருக்கிறோம்.

இரண்டாம் வருடம் வைகாசியில் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ என்ற கணக்கில் பத்து சென்டுக்கு 2 கிலோ விதை. உவரைத் தாங்கி வளரும், பூ எடுக்கும்போது மடக்கி உழுதோம். ஆடியில் நன்றாக மக்கிய தொழுவுரத்தோடு பத்து மூட்டை கரித்தூள், கோமியத்தில் ஊறவைத்தது. இந்தத் தடவை எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தோம். அரைகுறையாக மக்கியதிலிருந்து கரைந்து வரும் அமிலங்கள் கட்டிப்போட்ட குரோமியத்தைக் கொஞ்சம் கரைத்து வேர்ப் பக்கம் கொண்டுவந்துவிடும். முதல் சுற்றில் குரோமியத்தை மாற்றச் சீக்கிரம் சிதைகிற பொருள் தேவைப்பட்டது, பயிர் வைக்கும் சுற்றில் சிதைந்து முடிந்த பொருள் தேவைப்படுகிறது.

ஆவணியில் இலவம்பாடி முள்ளு கத்தரி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின வேலூர் மாவட்டத்து ரகம், விதை கிடைப்பதும் சுலபம். கத்தரியைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம் வேறு. குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், இலைக்குக் கொஞ்சம்தான் போகும், காய்க்கு அதைவிடவும் குறைவு. அதனால் கீரை, முள்ளங்கி, வேர்க்கடலை எதுவும் இந்த நிலத்தில் வேண்டாம். கத்தரி, வெண்டை, மிளகாய் போல மேலே காய்க்கிறவை பரவாயில்லை. செடிகளைச் சுற்றி மண் முழுக்க வைக்கோல் மூடாக்கு, மழையில் மண் தெறித்துக் காயில் ஒட்டுவதே குரோமியம் காயோடு வரப் பெரிய வழி என்பதால். லேபுக்கு அனுப்பியபோது காயைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, அப்புறம் வாலைவடிநீரில் அலசி, எவர்சில்வர் கத்தி படாமல் பீங்கான் கத்தியில் நறுக்கினேன். காயோடு இலை, வேர் இரண்டும் போயிற்று. வேரில் இருந்தது இலையைவிடப் பல மடங்கு, இலையில் இருந்தது காயைவிடப் பல மடங்கு. இப்போது மண்ணில் குரோமியம்-6 லேப் அளக்கக்கூடிய 0.5-க்குக் கீழே, பி.ஹெச் 8.1, இ.சி. 1.9.

செலவு: தொழுவுரம் 7,000, பிரஸ்மட் 2,500, ஜிப்சம் 1,000, கரித்தூள் 1,500, ரொட்டவேட்டர் இரண்டு தடவைக்கு 2,000, கூலி 6,000, வெல்லம் முதலானவை 700, கிட் 1,800, லேப் 14,000. மொத்தம் 36,500 ரூபாய், பத்து சென்டுக்கு. பூவும் காயும் சேர்த்து இதில் பாதிகூடத் திரும்பவில்லை. லேப் செலவை நாலைந்து பக்கத்து நிலத்துக்காரர்கள் சேர்ந்து பகிர்ந்தால்தான் இது கட்டுப்படியாகும், அதற்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த நிலத்தில் செய்யும்போது மாற்ற வேண்டியவை உண்டு. கால்வாய் ஓரம், நடு, மேட்டுப் பக்கம் என்று தனித்தனியாக மண் பார்ப்பேன். ஒரு அடி, இரண்டு அடி ஆழத்திலும் பார்ப்பேன், கீழே ஏற்கெனவே இறங்கியது எவ்வளவு என்பது இந்த நிலத்தில் ஆரம்பத்திலேயே எடுக்கப்படவில்லை, இனி அந்தக் கணக்கு கிடைக்காது. கனடா வரம்பு குரோமியம்-6க்கு 0.4 என்பதால் 0.5 வரை மட்டும் அளக்கிற லேப் போதாது, அதைவிடக் கீழே அளக்கிற இடம் தேட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஆர்செனிக் இருக்கும் நிலத்தில் யாரும் இப்படியே செய்துவிட வேண்டாம். மண்ணைச் சொதசொதவென்று வைப்பது குரோமியத்தைக் கட்டும், ஆர்செனிக்கை அவிழ்த்துவிடும், எருவில் இருக்கும் மணிச்சத்தும் அதற்குத் துணைபோகும். எந்த உலோகம் என்று தெரியாமல் எரு வண்டியை இறக்கக் கூடாது.

எங்கள் நிலத்திலும் வேலை முடிந்துவிடவில்லை. மண்ணில் இருக்கும் மாங்கனீசு, காற்று நன்றாகப் புகும் நிலையில் குரோமியம்-3ஐக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப 6 ஆக்கக்கூடியது, கரிமம் குறைந்தால் அது தலைதூக்கும். அதனால் ஒவ்வொரு சித்திரைக் கடைசியிலும் கிட்டில் பார்ப்பது, ஆடியில் ஒரு லோடு மக்கிய எரு என்று வைத்திருக்கிறோம். இந்தச் சித்திரைக்குக் கால்வாய் ஓரத் திட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே ஊதா வராவிட்டால் ஆவணியில் வெண்டை, வந்தால் இன்னொரு சுற்றுச் செண்டுமல்லி.